மழைக்கு முன் டயரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரப்பைச் சீர்செய்து, வடிகாலைத் தூர்வாரி வைக்கும் விவசாயிகள், மொபெட்டின் டயரையோ டிராக்டர் டிரெயிலரின் டயரையோ குனிந்து பார்ப்பதில்லை. காற்று நின்றால் போதும், டயர் நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வெயில் காலத்தில் இதன் கெடுதல் வெளியில் தெரியாது. மழைக்காலத்தில் அப்படியல்ல.

காய்ந்த தார்ச் சாலையில் மொட்டை டயரும் ஓரளவு பிடித்து நிற்கும். டயரில் பட்டன்களுக்கு இடையே பள்ளம் விட்டிருப்பது ஈரச் சாலைக்காகத்தான். சாலையில் நிற்கும் தண்ணீர் அந்தப் பள்ளங்களின் வழியே ஒதுங்கினால்தான் ரப்பர் தரையைத் தொடும். வயலுக்கு வடிகால் எப்படியோ, டயருக்குப் பள்ளம் அப்படி. அது தேய்ந்து ஆழம் குறைந்தால் பிரேக் பிடித்தாலும் வண்டி தண்ணீரின் மேல் வழுக்கிச் செல்லும். வேகம் கூடினால் வழுக்கலும் கூடும். முதல் மழை இன்னும் மோசம். பல மாதமாகப் படிந்த தூசியும் எண்ணெயும் தண்ணீரில் குழைந்து, சாலை மெழுகியதுபோல் ஆகிவிடும்.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி இதற்கு அளவு வகுத்துள்ளது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்கும், மற்ற வண்டிகளில் 1.6 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது. உள்நூல் வெளியே தெரியும் டயரும், ஓரிடத்தில் புடைத்த டயரும் ஓட்டத் தகுதியற்றவை.

இதை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைப் பள்ளத்தில் ஊன்றி, பட்டனின் மேல்மட்டத்தில் நகத்தால் கிள்ளி அடையாளம் செய்யவும். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஈர்க்கில் கிள்ளிய அளவு அந்தக் கனத்துக்கு மேல் இல்லையென்றால் டிரெயிலர் டயரை மாற்றியாக வேண்டும். மொபெட்டுக்கு அதில் பாதி. நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து, மிகவும் தேய்ந்த இடத்தையே கணக்கில் கொள்ளவும். இது சட்டத்தின் கடைசி எல்லை. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நலம்.

தேய்ந்த விதமே காரணத்தையும் காட்டிவிடும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக ஓடவில்லை. இதைச் சரிசெய்யாமல் புது டயர் போடுவது வீண் செலவு.

மொபெட்டில் பால் கேன், உர மூட்டை, தீவனக் கட்டு என எல்லாப் பாரமும் பின்னால் ஏறுவதால் பின் டயர் முதலில் தேய்கிறது. அதைக் கழற்றி முன்னால் மாட்டிச் சிலர் சமாளிக்கிறார்கள். இது பெரிய தவறு. பின் சக்கரம் வழுக்கினால் காலூன்றித் தப்பிக்க வழியுண்டு. முன் சக்கரம் வழுக்கினால் விழுவதுதான்.

டிராக்டரின் பின் டயரில் உள்ள பெரிய கட்டைகள் மண்ணுக்காகச் செய்யப்பட்டவை. தார்ச் சாலையில் கட்டைகளின் முனை மட்டுமே படுவதால் அவை விரைவில் தேயும். உழவுக்காகக் குறைத்த காற்றோடு சாலையில் பாரம் இழுத்தால் தேய்மானம் மேலும் கூடும். சாலைக்கு எவ்வளவு காற்று என்பது டிராக்டருடன் தரும் கையேட்டில் இருக்கும். வயலில் தனித்தனியே மிதிக்கும் இரு பிரேக் மிதிகளையும் சாலைக்கு வந்ததும் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். பல டிரெயிலர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. நெல் மூட்டைகளின் பாரம் முழுவதும் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும்போது, அதைத் தாங்கி நிறுத்துவது டிராக்டரின் டயர்களே. வாடகை டிராக்டர் பிடிப்போரும் மூட்டை ஏற்றுமுன் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டிரெயிலருக்குப் பழைய லாரி டயர் வாங்குவோர் பட்டனை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பக்கச் சுவரில் வெடிப்பு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர்.