உள்வெடிப்பொலியும் பல்லொலியும்: சிந்தி மொழியில் ‘பல்’ என்னும் சொல்லை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல்லொலி என்பது ஒலி பிறக்கும் இடத்தால் பெற்ற பெயர். உள்வெடிப்பொலி என்பது ஒலி பிறக்கும்போது குரல்வளை ஆற்றும் தொழிலால் பெற்ற பெயர். இவ்விரண்டையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணும்போது குழப்பம் நேர்கிறது. உள்வெடிப்பொலியை ‘மூச்சை உள்ளிழுத்து ஒலிப்பது’ என்று கொள்ளும் தவறும் இக்குழப்பத்தோடு தொடர்புடையது. இவ்விரு வகை ஒலிகளின் பிறப்பு முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சிந்தி மொழியில் பல்லைக் குறிக்கும் சொல் இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டிருப்பதால் அச்சொல் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பல்லொலி, உள்வெடிப்பொலி, குரல்வளை, காற்றோட்டம், சிந்தி, பிறப்பியல்

முன்னுரை

வடமொழியின் ‘தந்த’ என்னும் சொல், இந்தோ-ஆரிய மொழிகளுள் ஒன்றான சிந்தியில் ‘டந்து’ என்று வழங்குகிறது. பொருள் மாறவில்லை, இன்றும் அது பல்லையே குறிக்கிறது. ஆனால் அதன் முதல் ஒலி பல்லைத் தொட்டுப் பிறப்பதில்லை. நாநுனி பல்லைவிட்டுப் பின்வாங்கி அண்ணத்தைத் தொட, குரல்வளை கீழிறங்க, உள்வெடிப்பொலியாக அது பிறக்கிறது. அதே சொல்லின் இடையில் மூக்கொலியை அடுத்து வரும் தகரமோ பல்லொலியாகவே நிற்கிறது. ஒரே சொல்லுக்குள் இவ்விரு ஒலிகளும் அமைந்தது எவ்வாறு என்பதை அறிய, முதலில் ஒவ்வொன்றும் பிறக்கும் முறையைத் தனித்தனியே காணவேண்டும்.

பல்லொலி: இடத்தால் அமையும் வேறுபாடு

ஓர் அடைப்பொலியை விளக்க அடிப்படையாக மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். வாயில் அடைப்பு எங்கே நிகழ்கிறது? குரல்நாண்கள் அதிர்கின்றனவா? காற்றை இயக்குவது எது? பல்லொலி என்னும் பெயர் முதல் வினாவுக்கு மட்டுமே விடையாகும்.

தமிழின் தகரத்தை ஒலிக்கும்போது நாநுனியும் அதை அடுத்த முன்நாவும் அகன்று, மேற்பல்லின் பின்புறத்தையும் பல்லடியையும் ஒருசேரத் தொடுகின்றன. தொல்காப்பியப் பிறப்பியல் தகர நகரங்களின் பிறப்பைக் கூறுமிடத்தில் நாநுனி பரந்து ஒற்றுவதை எடுத்துரைக்கிறது. தொடும் இடத்தை மட்டுமன்றித் தொடும் உறுப்பின் வடிவையும் சேர்த்துச் சொன்னமை குறிப்பிடத்தக்கது. றகர னகரங்களுக்கு நாநுனி மேல்நோக்கி எழுந்து அண்ணத்தைத் தொடுவதை அந்நூல் தனியே கூறுகிறது. பல்லொலியில் நா பரந்து தொடுவதும், நுனியண்ண ஒலியில் நுனி எழுந்து தொடுவதும் இன்றைய ஒலியியலும் ஏற்கும் வேறுபாடாகும். மலையாளத்தில் இரட்டித்த பல்லொலி அடைப்பும் இரட்டித்த நுனியண்ண அடைப்பும் பொருள் வேறுபாடு தருவன; ஆங்கிலத்தில் நுனியண்ண ஒலி மட்டுமே உண்டு.

இவ்வேறுபாட்டை எளிய முறையில் சோதித்தறியலாம். கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாவில் பூசிக்கொண்டு ஒரு சொல்லை ஒருமுறை ஒலித்தபின், கண்ணாடியின் துணையால் அண்ணத்தைப் பார்த்தால் நா தொட்ட இடம் கரிய சுவடாகத் தெரியும். தகரத்துக்குச் சுவடு பல்லின் பின்புறத்தில் படியும். டகரத்துக்குப் பல்லும் பல்லடியும் தூய்மையாக இருக்க, சுவடு பின்னே விழும். ஆனால் அடைப்பு நிகழ்ந்தபோது குரல்வளை அசைந்ததா என்பதை இச்சோதனை காட்டாது. உள்வெடிப்பொலியின் இயல்பு இச்சோதனைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

உள்வெடிப்பொலி: குரல்வளையின் இறக்கம்

இயல்பான பேச்சில் நுரையீரலிலிருந்து காற்று மேலெழுகிறது. அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 5 முதல் 8 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு மிகுந்திருக்கும். குரல்நாண்கள் அதிர வேண்டுமெனில் அவற்றின் கீழுள்ள அழுத்தம் மேலுள்ள அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். இதழ்களை மூடிக்கொண்டு ‘கம்பம்’ என்னும் சொல்லின் ஒலிப்புடைப் பகரத்தை நீட்டி ஒலிக்க முயன்றால் இதன் விளைவு தெரியும். காற்று வெளியேற வழியின்றி வாயில் நிறைகிறது. மேலும் கீழும் அழுத்தம் சமமாகிறது. சிறிது நேரத்தில் ஒலிப்பு நின்றுவிடுகிறது. கன்னம் உப்பும் வரைதான் ஒலிப்பை நீட்ட முடிகிறது.

இத்தடையைக் கடக்கும் வழிகளுள் ஒன்று, வாயறையின் கொள்ளளவைப் பெருக்குவது. இதழோ நாவோ அடைத்து நிற்கும் நேரத்தில், அதிர்வுக்கேற்ற நிலையில் நெருங்கி நிற்கும் குரல்நாண்களோடு குரல்வளை முழுவதும் கீழிறங்கினால், அடைப்புக்கும் குரல்நாண்களுக்கும் இடைப்பட்ட வெளி பெரிதாகிறது. பாயில் விதிப்படி கொள்ளளவு கூடினால் அழுத்தம் குறையும். ஆகவே அடைப்பு நீடிக்கும்போதும் ஒலிப்பு நிற்பதில்லை. அடைப்பு விடுபடும் நொடியில் வாயினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்திருப்பின், சிறிதளவு காற்று வெளியிலிருந்து வாய்க்குள் புகும். ‘உள்வெடிப்பு’ என்னும் பெயர் இதனால் வந்தது. தொண்டையின் முன்புறம் விரலை வைத்துப் பார்த்தால் குரல்வளை இறங்குவதை உணரலாம்.

இங்கு இரண்டு செய்திகளைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, உள்வெடிப்பொலியை ஒலிப்பவர் மூச்சை உள்ளிழுப்பதில்லை. குரல்வளை கீழிறங்கும்போதும் நுரையீரல் காற்று குரல்நாண்களின் வழியே மேலெழுந்துகொண்டே இருக்கிறது. அக்காற்று இல்லையெனில் நாண்கள் அதிரா. இரண்டாவது, வெளிக்காற்று உட்புகுவது இவ்வொலிக்கு இன்றியமையாதது அன்று. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1030 சென்டிமீட்டர் நீர்மட்டம். எனவே மூடிய அறையின் கொள்ளளவு நூற்றில் ஒரு பங்கு பெருகினாலே அழுத்தம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீர்மட்டம் குறையவேண்டும். ஆனால் இவ்வறை முழுவதும் மூடியதன்று. கீழிருந்து காற்று வந்து புதிய இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. இறக்கம் மிகுந்தால் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். இல்லையெனில் ஏறாமல் நிற்கும். பீட்டர் லேடிஃபோகெட் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளை ஆராய்ந்து, உள்வெடிப்பொலி எனப்படும் ஒலிகளில் காற்று எப்போதும் உட்புகுவதில்லை என்பதை எடுத்துக்காட்டினார். ஆகவே காற்றின் திசையைவிடக் குரல்வளையின் இறக்கமே இவ்வொலியின் அடையாளம் எனலாம்.

ஒலியலைப் பதிவிலும் இதனைக் காணலாம். சாதாரண ஒலிப்புடை அடைப்பொலியில் அடைப்பு நீள நீள அதிர்வின் வீச்சு தேய்கிறது. உள்வெடிப்பொலிகள் பலவற்றில் அது வளர்கிறது. எனினும் எல்லா மொழிகளிலும் இது ஒரே வகையில் அமைவதில்லை. மோனா லிண்டாவ் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, ஹௌசா மொழியில் குரல்நாண்கள் இறுகி ஒழுங்கற்று அதிர்வதைச் சுட்டிக்காட்டியது.

உச்சுக்கொட்டும் ஒலியோடு ஒப்பீடு

இரக்கம் தோன்றத் தமிழர் ‘உச்சு’க் கொட்டும்போது எழுவதும் காற்று உட்புகும் ஒலியே, அது பல்லிடத்திலும் பிறக்கிறது. ஆயினும் அது உள்வெடிப்பொலி அன்று. அங்கே நாவின் பின்பகுதி கடையண்ணத்தையும் முன்பகுதி பல்லையும் அடைக்க, இடையே சிக்கிய காற்று நாவின் அசைவாலேயே தளர்த்தப்படுகிறது. குரல்வளைக்கு அதில் பங்கில்லை; மூக்கின் வழியே மூச்சு விட்டுக்கொண்டே உச்சுக் கொட்டலாம். தமிழில் உணர்ச்சிக் குறிப்பாக நிற்கும் இவ்வொலி தென்னாப்பிரிக்காவின் ஷோசா, சூலு மொழிகளில் சொல்லாக்கும் மெய்யொலியாக உள்ளது. அவ்விரு மொழிகளும் ஈரிதழ் உள்வெடிப்பொலியையும் உடையன. காற்று உட்புகும் இரு வேறு முறைகளை ஒரே மொழி வேறுபடுத்தி ஆளுகிறது என்பது, ‘உள்நோக்கிய காற்று’ என்னும் ஒரு தன்மை மட்டும் வகைப்பாட்டுக்குப் போதாது என்பதைக் காட்டுகிறது.

சிந்தியில் உள்வெடிப்பொலிகளின் தோற்றம்

ஈரிதழ், வளைநா, இடையண்ணம், கடையண்ணம் ஆகிய நான்கு இடங்களில் சிந்தி உள்வெடிப்பொலிகளைக் கொண்டுள்ளது. ஒலிப்பிலா ஒலி, மூச்சொலியுடன் கூடிய ஒலிப்பிலா ஒலி, ஒலிப்புடை ஒலி, மூச்சொலியுடன் கூடிய ஒலிப்புடை ஒலி என்னும் நான்கோடு உள்வெடிப்பொலியும் சேர, ஈரிதழ் இடத்தில் மட்டும் ஐந்து அடைப்பொலிகள் பொருள் வேறுபடுத்துகின்றன. பல் வரிசையில் மட்டும் உள்வெடிப்பொலி இல்லை.

இந்த இடைவெளிக்கான வரலாற்றை ரால்ஃப் டர்னர் 1924-இல் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. பழைய இந்தோ-ஆரியத்தின் மொழிமுதல் ஒலிப்புடை அடைப்பொலிகளும், இடைக்காலத்தில் இரட்டித்து வந்த ஒலிப்புடை அடைப்பொலிகளும் சிந்தியில் உள்வெடிப்பொலிகளாயின. குழந்தையைக் குறிக்கும் ‘பாரு’ (‘பால’ என்பதிலிருந்து), மனிதனைக் குறிக்கும் ‘ஜணோ’ (‘ஜன’ என்பதிலிருந்து) ஆகியவற்றின் முதலொலிகள் இவ்வகையின. அழைப்பைக் குறிக்கும் ‘சடு’ என்பது ‘சப்த’ என்னும் சொல் இடைக்காலத்தில் ‘சத்த’ என ஒலிப்புடைத் தகரம் இரட்டித்து நின்றதன் வழிவந்தது. எலும்பைக் குறிக்கும் ‘ஹடு’ என்பது இரட்டித்த டகரத்தின் வழிவந்தது. இரண்டிலும் இன்று ஒலிப்பது ஒரே உள்வெடிப்பு டகரம். அதாவது பல்லொலியும் வளைநா ஒலியும் உள்வெடிப்பாக மாறியபோது ஒன்றாகிவிட்டன.

இரட்டித்த ஒலிகள் உள்வெடிப்பாக மாறியதற்கு ஒலிப்பிறப்பிலேயே காரணம் உண்டு. இரட்டித்தால் அடைப்பின் காலம் நீள்கிறது. நீண்ட அடைப்பில் ஒலிப்பைக் காப்பது கடினம் என்பது மேலே கண்ட செய்தி. ஒலிப்பைக் காக்கக் குரல்வளையைச் சற்றுத் தாழ்த்துவது, தலைமுறைகள் கடந்து அவ்வொலியின் நிலையான இயல்பாகிறது. ஜான் ஒகாலா முதலிய ஒலியியலார் இவ்விளக்கத்தை முன்வைத்துள்ளனர். கடையண்ண அடைப்பின் பின்னுள்ள வெளி சிறியது; கன்னமும் அங்கே உதவுவதில்லை. உலக மொழிகளில் உள்வெடிப்பொலிகள் வாயின் முன்பகுதியையே நாடுகின்றன என்று ஜோசப் கிரீன்பெர்க் 1970-இல் கண்ட பொதுமைக்கும் இது பொருந்துகிறது. கடையண்ண உள்வெடிப்பொலியையும் கொண்ட சிந்தி இவ்வகையில் அரியது.

இனி ‘டந்து’ என்னும் சொல்லுக்குத் திரும்பலாம். ‘தந்த’ என்பதன் மொழிமுதல் ஒலிப்புடைத் தகரம் மேற்கூறிய மாற்றத்துக்கு உட்பட்டு உள்வெடிப்பு டகரமாயிற்று. இடையிலிருந்த தகரமோ தொடக்கத்தில் ஒலிப்பிலா ஒலி. மூக்கொலியை அடுத்து நின்றமையால் பின்னர் ஒலிப்புப் பெற்றது. தமிழில் ‘பந்து’ என்னும் சொல்லின் தகரம் ஒலிப்புடன் வருவதும் இத்தகைய சூழலிலேயே. இம்மாற்றத்தால் கிடைத்த ஒலி உள்வெடிப்பாகாமல் பல்லொலியாகவே நிலைத்தது. மொழிமுதலில் காலியான பல் இடத்தை ‘தில்’, ‘துனியா’ முதலிய பாரசீக, அரபுக் கடன்சொற்களின் ஒலிப்புடைத் தகரம் நிரப்பியது.

எழுத்தும் ஒலியும்

1853-இல் வரையறுக்கப்பட்ட 52 எழுத்துகள் கொண்ட அரபு-சிந்தி நெடுங்கணக்கு, உள்வெடிப்பொலிகளுக்குத் தனி எழுத்துகளை ஒதுக்கியது. 1947-க்குப் பின் இந்தியாவில் குடியேறிய சிந்தியர் தேவநாகரியையும் கைக்கொண்டனர். அதில் க, ஜ, ட, ப வரிசைகளின் ஒலிப்புடை எழுத்துகளுக்குக் கீழே ஒரு கோடு இடுவதன்மூலம் உள்வெடிப்பு குறிக்கப்படுகிறது. 1967-இல் சிந்தி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. கோடிட்ட நான்கு எழுத்துகளும் தனிக் குறியீடுகளாக யூனிகோடு தரத்தில் இடம்பெற்றது 2006-இல் தான். அக்கோடு அச்சில் விடுபட்டால், இந்தி வழியாகவே தேவநாகரியைக் கற்ற இளம் தலைமுறை அதனைச் சாதாரண ஒலியாகவே படிக்கும். குரல்வளையின் அசைவு கண்ணுக்குப் புலப்படாதது. அதைக் கற்பிக்கும் முறையும் தெளிவாக இல்லையெனில், எழுத்தில் விடுபட்டது பேச்சிலும் மறையும்.

முடிவுரை

காற்று மேலெழுந்து தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கொள்கை. தமிழ் எழுத்துகளின் பிறப்பை விளக்க அது போதுமானது. உள்வெடிப்பொலியை விளக்க அக்கொள்கையைக் கைவிடவேண்டியதில்லை. காற்று நிலைபெறும் இடமாகிய மிடற்றை, அசைந்து தொழில்புரியும் உறுப்பாகவும் கொண்டால் போதும். பல், இதழ், அண்ணம் என்பன இடத்தைச் சொல்பவை. வெடிப்பு, உள்வெடிப்பு என்பன தொழிலைச் சொல்பவை. தமிழில் ஒலியியல் கற்பிக்கும்போது இவ்விரண்டையும் தனித்தனி வினாக்களாக நிறுத்தினால், உள்வெடிப்பொலியை மூச்சை உள்ளிழுக்கும் ஒலியாகக் கொள்ளும் தவறு நீங்கும். சிந்தியில் பல்லின் பெயர் பல்லைவிட்டு விலகித் தொடங்குவதும் வியப்பாக இராது.