தூது செல்லும் தீநுண்மி

2021ஆம் ஆண்டில் நம் மாநிலத்துச் செய்தித்தாள்களில் ஒரு செய்தி தொடர்ந்து இடம்பெற்றது. அரிய நோயால் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு ஊசிமருந்து தேவைப்பட்டது. அதன் விலை ஏறத்தாழ 16 கோடி ரூபாய். அக்குழந்தையை நேரில் கண்டிராத மக்கள் பலர் தத்தமக்கு இயன்ற தொகையை அளித்தனர். விலையைக் கேட்டு வியந்த நம்மில் பலர், அந்த ஊசிக்குள் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. அதனுள் இருந்தவை வைரஸ்கள் எனப்படும் தீநுண்மிகள்; தம் இயல்பான மரபணுக்கள் நீக்கப்பெற்று, மனித மரபணு ஒன்றைச் சுமந்து செல்லுமாறு மாற்றியமைக்கப்பட்டவை. நோய் தரும் இனத்தைச் சேர்ந்த ஒன்று எவ்வாறு மருந்தாயிற்று? அதனால் எது இயலும், எது இயலாது? இவற்றை இங்குக் காண்போம்.

மீளாத இழப்பு

தோலில் ஏற்படும் சிராய்ப்பு சில நாள்களில் ஆறிவிடுகிறது. அழிந்த உயிரணுக்களின் இடத்தைப் புதியவை நிரப்புகின்றன. நரம்பணுக்கள் பெரும்பாலும் அவ்வாறு புதுப்பிக்கப்படுவதில்லை. நாம் பிறப்பதற்கு முன்பே உருவான அவை வாழ்நாள் முழுவதும் பணியாற்ற வேண்டியவை. அவை படிப்படியாக அழிவதால் தோன்றுவனவே நரம்புச்சிதைவு நோய்கள். அல்சைமர் நோய் நினைவைக் குலைக்கிறது. பார்க்கின்சன் நோய் உடல் அசைவைத் தளர்த்தி நடுக்கத்தைத் தருகிறது.

இவ்வகை நோய்களுள் குழந்தைகளைத் தாக்குவது தண்டுவடத் தசைச்சிதைவு நோய். ஏறத்தாழ 10,000 குழந்தைகளுள் ஒன்று இந்நோயுடன் பிறக்கிறது. தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் இயக்க நரம்பணுக்கள் இதில் அழிகின்றன. கட்டளை பெறாத தசை மெலிகிறது. நோயின் கடுமையான வகையில் குழந்தை தானாக எழுந்து உட்காருவதேயில்லை. பால் குடிக்கவும் மூச்சுவிடவும் வேண்டிய தசைகள்கூடத் தளர்ந்துவிடுவதால், சிகிச்சை இல்லையெனில் அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் இரண்டு வயதிற்குள் இறந்துவிடுவர். அல்லது செயற்கைச் சுவாசத்தையே நம்பி வாழ நேரிடும். அறிவும் பார்வையும் முகத்தின் மலர்ச்சியும் குன்றாதிருக்க, உடல் மட்டும் அசைவிழக்கும் நோய் இது.

1995ஆம் ஆண்டில் பாரிசில் ஜூடித் மெல்கியின் ஆய்வுக்குழு இந்நோய்க்குரிய மரபணுவைக் கண்டறிந்தது. ஐந்தாம் குரோமோசோமில் உள்ள அம்மரபணுவின் பெயர் எஸ்.எம்.என்.1. இயக்க நரம்பணு உயிர்வாழத் தேவையான புரதத்தை உருவாக்கும் குறிப்பு அதில் உள்ளது. அருகிலேயே எஸ்.எம்.என்.2 என்னும் ஏறக்குறைய ஒத்த நகலும் இருக்கிறது. எனினும் முக்கியமான ஓரிடத்தில் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறியிருப்பதால், அந்நகல் முழுமையான புரதத்தைச் சிறிதளவே தருகிறது. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதை இலக்கண வகுப்பில் பலமுறை படித்திருக்கிறோம். இங்கு அந்த ஓரெழுத்தால் உயிர் காக்கும் புரதம் குறைந்துவிடுகிறது.

குறை எங்குள்ளது என்று தெரிந்துவிட்டது. பழுதற்ற மரபணுவை உள்ளே அனுப்பினால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் மரபணுவை வெறுமனே குருதியில் கலந்தால் அது சிதைந்துவிடும். உயிரணுவின் உறையைத் தானாகக் கடக்கவும் இயலாது. மேலும் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நுண்குருதிக்குழாய்களின் சுவர்கள் மிக நெருக்கமானவை. குருதியில் உள்ள பெரும்பாலான பொருள்களை அவை உள்ளே விடுவதில்லை.

தூதுவனைத் தேடி

நம் சிற்றிலக்கியங்களுள் தூது என்பது ஒன்று. தலைவி அன்னத்தையும் மேகத்தையும் தென்றலையும் தூது அனுப்புவாள். தூது செல்வதற்கு வேண்டிய முதல் தகுதி, உரிய இடத்தை அடைந்து உள்ளே நுழையும் ஆற்றலாகும். அந்த ஆற்றல் தீநுண்மிக்கு இயல்பாகவே உண்டு. உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றி, உட்புகுந்து, தன் மரபுப்பொருளை அங்கே இறக்கிவைப்பதே அதன் வாழ்க்கை. இறக்கிவைக்கும் செய்தியை மாற்றிவிட்டால்?

இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சி துயரம் இல்லாமல் நடந்துவிடவில்லை. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் கல்லீரல் சார்ந்த ஒரு மரபணுக் குறைபாட்டிற்கான சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் பங்கேற்றார். அவருக்கு அடினோவைரஸ் என்னும் தீநுண்மி செலுத்தப்பட்டது. அவருடைய உடலின் எதிர்ப்பாற்றல் அதனைக் கடுமையாக எதிர்த்ததால், நான்கு நாள்களில் அவர் உயிரிழந்தார். மரபணுச் சிகிச்சை ஆய்வுகள் பல நிறுத்தப்பட்டன. அறிவியல் வளர்ச்சியைப் பற்றி எழுதும்போது இத்தகைய பெயர்களைத் தவிர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது நேர்மையன்று என்பது என் கருத்து.

பொருத்தமான தூதுவன் வேறிடத்தில் இருந்தது. 1965இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் அட்சிசனும் உடன் பணியாற்றியோரும் அடினோவைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அதனிடையே மிகச் சிறிய துகள்கள் கலந்திருக்கக் கண்டனர். ஆய்வுக்கு இடையூறான கலப்படமாகத் தோன்றிய அவை தனியொரு தீநுண்மி என்பது தெளிவாயிற்று. அடினோவைரஸுடன் சேர்ந்தே பெருகுவதால் 'அடினோ சார் வைரஸ்' என்று பெயரிடப்பட்டது, ஏ.ஏ.வி. என்பது அதன் சுருக்கம். விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். மனிதருக்கு இதனால் நோய் எதுவும் வருவதாக அறியப்படவில்லை. 'வைரஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள். நம் 'தீநுண்மி' என்னும் சொல்லிலும் 'தீ' உள்ளது. இந்த ஒன்றுக்கு மட்டும் அப்பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

இதைத் தூதுவனாக்கும் முறை எளிதாகப் புரியக்கூடியது. பெருகுவதற்கும் உறை அமைப்பதற்கும் உரிய மரபணுக்களை நீக்கிவிடுவர். இரு முனைகளிலும் உள்ள சிறு பகுதிகளை மட்டும் விட்டுவைப்பர். இடையில் தேவையான மரபணுவை வைப்பர். வெளியுறை மாறுவதில்லை, எனவே நுழையும் ஆற்றலும் மாறுவதில்லை. உள்ளே சென்றபின் இது பெருகுவதில்லை. கொண்டுவந்த மரபணு உயிரணுவின் உட்கருவில் தங்குகிறது. நரம்பணு பிளவுபடாதது; ஆகவே அம்மரபணு நீர்த்துப்போகாமல் நீண்டகாலம் செயல்படுகிறது.

சுமைக்கு மட்டும் வரம்பு உண்டு. ஏறத்தாழ 4,700 எழுத்துகளுக்கு மேல் இதனால் சுமக்க இயலாது. எஸ்.எம்.என். புரதத்திற்கான குறிப்பு 900 எழுத்துகளுக்கும் குறைவு என்பது நல்வாய்ப்பே. டிஸ்ட்ரோபின் என்னும் தசைப்புரதத்திற்கான குறிப்போ 11,000 எழுத்துகளைத் தாண்டும்.

ஏ.ஏ.வி.யில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் ஒன்பதாம் வகையைக் குருதிக்குழாய் வழியே செலுத்தினால், பிறந்த எலிக்குட்டிகளின் மூளைத்தடையைக் கடந்து அது இயக்க நரம்பணுக்களை அடைகிறது என்பதை, 2009இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் கெவின் ஃபௌஸ்ட், பிரையன் காஸ்பர் ஆகியோரின் குழு காட்டியது. மூளையைத் துளையிட வேண்டாம். நரம்பில் ஓர் ஊசி போதும் என்னும் நிலை உருவாயிற்று.

நோயை அறியவும் தீநுண்மி

சிகிச்சைக்கு முன்னரே தீநுண்மி ஆய்வுக்கருவியாகிவிட்டது. வெறிநாய்க்கடி நோயைத் தரும் தீநுண்மி நரம்பணுவிலிருந்து நரம்பணுவிற்கு இணைப்புகளின் வழியே தாவிச்செல்லும். உறைப்புரதத்திற்கான மரபணுவை நீக்கி, ஓர் இணைப்பை மட்டுமே தாண்டுமாறு அதனை மாற்றி, ஒளிரும் புரதத்திற்கான மரபணுவையும் சேர்த்து எலியின் மூளைக்குள் செலுத்தினால், எந்த நரம்பணு எதனோடு உரையாடுகிறது என்பது ஒளிப்புள்ளிகளாகத் தெரிகிறது. உயிர்கொல்லும் நோயின் பரவல் முறையே மூளையின் வரைபடமாகிறது.

பார்க்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களில் ஆல்பா-சைனூக்ளின் என்னும் புரதம் திரண்டு கிடக்கும். அத்திரட்சி நோயின் காரணமா, விளைவா? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இப்புரதத்திற்கான மரபணுவை ஏ.ஏ.வி.யில் ஏற்றி எலிகளின் மூளையில் ஓரிடத்தில் மட்டும் செலுத்தினர். டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அங்கே அழியத் தொடங்கின. புரதம் மிகுதியானால் அதுவே நரம்பணுவை அழிக்கவல்லது என்பது 2002இல் வெளியான இவ்வாய்வால் புலனாயிற்று.

பத்து நாள்கள்

கொலம்பஸ் குழுவினர் தண்டுவடத் தசைச்சிதைவு நோயுள்ள எலிக்குட்டிகளுக்கு எஸ்.எம்.என். மரபணுவைச் செலுத்தினர். சிகிச்சை பெறாதவை ஏறத்தாழ இரு வாரங்களே வாழ்ந்தன. பிறந்த மறுநாள் ஊசி பெற்றவை 250 நாள்களைக் கடந்தன. அதே மருந்தை ஐந்தாம் நாளில் செலுத்தியபோது ஓரளவு பயனே கிடைத்தது. பத்தாம் நாளிலோ பெரும்பயன் ஏதுமில்லை. மருந்து மாறவில்லை, நாள்தான் மாறியது. செய்தியைப் பெறவேண்டிய நரம்பணு இறந்தபின், தூதுவன் வந்து என்ன பயன்?

2014இல் ஜெர்ரி மெண்டெல் தலைமையில் குழந்தைகளிடம் சோதனை தொடங்கியது. கடுமையான வகை நோயுள்ள 15 குழந்தைகளுக்கு ஒரே ஒரு முறை மருந்து செலுத்தப்பட்டது. அவர்களுள் 12 பேர் பெற்ற உயர் அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 200 இலட்சம் கோடி துகள்கள். முடிவுகள் 2017இல் வெளிவந்தன. இருபது மாத வயதில் 15 பேரும் செயற்கைச் சுவாசத்தையே நம்பியிராமல் உயிருடன் இருந்தனர். உயர் அளவு பெற்ற 12 பேரில் 11 பேர் தாங்கலின்றி உட்கார்ந்தனர், இருவர் நடந்தனர். உட்காருவதே நடவாது என்று மருத்துவ நூல்கள் எழுதிவைத்த குழந்தைகள் அவர்கள். 2019 மே மாதத்தில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. அங்கு அறிவிக்கப்பட்ட விலை 21 இலட்சத்து 25 ஆயிரம் டாலர்.

பார்க்கின்சன் நோயில் காலம் வேறுவிதமாகத் தடுத்தது. நரம்பணுக்களைப் பேணும் நியூர்ட்டூரின் என்னும் புரதத்திற்கான மரபணுவை ஏ.ஏ.வி. வழியே மூளையில் செலுத்தினர். முதலில் சிலரிடம் செய்த சோதனை நம்பிக்கை தந்தது. பின்னர் 58 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு அறுவைபோன்ற தோற்றம் மட்டும் தரப்பட்டது. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டிற்குப் பின் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறு காரணங்களால் பின்னர் இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தபோது, மரபணு செலுத்திய இடத்தில் புரதம் உருவாகியிருந்தது. ஆனால் டோபமைன் நரம்பணுக்களின் உடற்பகுதிக்கு அது மிகக் குறைவாகவே சென்றிருந்தது. புரதத்தைச் சுமந்துசெல்ல வேண்டிய நரம்பிழைகள் ஏற்கெனவே சிதைந்திருந்தன.

வேறு தடைகளும் உள்ளன. ஏ.ஏ.வி.யை முன்பே எதிர்கொண்ட உடலில் அதற்கான எதிர்ப்புப்பொருள் இருந்தால் மருந்து பயன்தராது. ஒருமுறை ஊசி பெற்றவருக்கும் அதே நிலையே என்பதால் மறுமுறை செலுத்த இயலாது. கல்லீரலுக்கும் ஊறு நேரலாம். 2022இல் இம்மருந்து பெற்ற இரு குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊசிக்குப் பின் பல வாரங்கள் குருதிப் பரிசோதனை தொடர்வது இதனாலேயே.

எலிக்குட்டிகளிடம் கண்ட பத்து நாள் கணக்கு, குழந்தைகளுக்கான சிகிச்சைமுறையையும் மாற்றியது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, சில துளிக் குருதியைத் தாளில் ஒற்றி எடுத்தால் எஸ்.எம்.என்.1 மரபணு உள்ளதா என அறியலாம். 2018இல் அமெரிக்கா இச்சோதனையைப் பச்சிளங்குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. கடுமையான வகை நோய் வரக்கூடிய 14 குழந்தைகளுக்கு, அறிகுறி எதுவும் தோன்றும் முன்பே, பிறந்த ஆறு வாரங்களுக்குள் மருந்து செலுத்தப்பட்டது. பதினெட்டு மாத வயதிற்குள் 14 பேரும் தாமாக உட்கார்ந்தனர்; அவர்களுள் 11 பேர், நோயற்ற குழந்தைகள் உட்காரும் அதே பருவத்திலேயே உட்கார்ந்தனர்.