சிறையில் பால்புதுமையர்: மரியாதையான நடத்தையும் தடையற்ற மருத்துவமும்

சிறையில் உள்ள தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநங்கையர், திருநம்பியர், ஊடுபால் மக்கள் ஆகியோரின் உடல்நலமும் மனநலமும் சிறை அலுவலர்கள் அவர்களை நடத்தும் முறையைப் பெரிதும் சார்ந்துள்ளன. சிறை அலுவலர்களுக்கான பயிற்சி ஏன் தேவைப்படுகிறது, பயிற்சி பெற்ற அலுவலரிடம் எத்தகைய நடத்தையை எதிர்பார்க்கலாம், குடும்பத்தினரும் பராமரிப்பாளரும் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• சிறைவாசிக்கும் வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கிடைக்க வேண்டும்.
• அவமதிப்புக்கு அஞ்சுபவர் தம் நோயை மறைப்பார். அதனால் சிகிச்சை தடைப்படும்.
• சிறைப் பணியாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்குமாறு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2022-இல் ஒன்றிய உள்துறை அமைச்சகமும் கூறியுள்ளன.
• மருந்துச் சீட்டுகளையும் சிகிச்சைக் குறிப்புகளையும் காலந்தாழ்த்தாது சிறை மருத்துவ அலுவலரிடம் சேர்ப்பிப்பது குடும்பத்தினர் செய்யத்தக்க முதல் உதவியாகும்.

இச்சொற்கள் யாரைக் குறிக்கின்றன?

பிறப்பின்போது பதிவு செய்யப்பட்ட பாலினத்திலிருந்து தம் பாலினத்தை வேறாக உணர்பவர் திருநர் ஆவார். இவர்களுள் பெண்ணாக உணர்பவர் திருநங்கை; ஆணாக உணர்பவர் திருநம்பி. பிறப்பிலேயே உடற்கூறு, குரோமோசோம் அல்லது ஹார்மோன் அமைப்பில் வேறுபாடு உடையவர் ஊடுபால் நபர். தம் பாலினத்தவரிடம் ஈர்ப்புக் கொள்பவர் தன்பாலீர்ப்பாளர். ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவரிடம் ஈர்ப்புக் கொள்பவர் இருபாலீர்ப்பாளர். இவர்கள் அனைவரையும் பொதுவாகப் பால்புதுமையர் என்பர்.

இவை நோய்கள் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 1990-இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 'மாற்றுச் சிகிச்சை' என்ற பெயரில் ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற முயல்வது தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. எனவே, சிறையிலும் எவரையும் இத்தகைய 'சிகிச்சைக்கு' உட்படுத்தலாகாது.

மரியாதை எவ்வாறு மருத்துவத்தோடு தொடர்புடையது?

வெளியில் இருப்பவர் உடல்நலம் குன்றினால் தாமே மருத்துவமனைக்குச் செல்லலாம். சிறைவாசிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர் முதலில் தம் அறைப் பகுதிக் காவலரிடம் கூற வேண்டும். காவலர் அதனை ஏற்று மருத்துவ அலுவலருக்குத் தெரிவித்த பின்னரே சிகிச்சை தொடங்கும். ஆகவே, சிறையில் மருத்துவத்தின் முதற்படி காவலரே.

அக்காவலர் ஏளனம் செய்வார் என்றோ, சொன்ன செய்தியைப் பிறரிடம் பரப்புவார் என்றோ அஞ்சினால், சிறைவாசி தாம் உட்கொண்டு வந்த மருந்தைப் பற்றிக் கூறமாட்டார்; தமக்கு நேர்ந்த வன்முறையையும் கூறமாட்டார். மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தம்முள்ளேயே வைத்துக்கொள்வார். அலுவலர்களுக்கான பயிற்சி இவ்வச்சத்தைப் போக்குவதற்கானது.

எந்தச் சிகிச்சைகள் தடைப்படலாகாது?

எச்.ஐ.வி. கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.): இடையில் நின்றால் உடலில் வைரஸ் மீண்டும் பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாத நிலையும் உருவாகலாம். அரசின் காவலில் உள்ள ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவற்றைப் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் வழங்குகிறது.

ஸ்டீராய்டு மருந்து: பிறவி அட்ரினல் சுரப்பிக் கோளாறு உடைய ஊடுபால் நபர்களுள் சிலர் நாள்தோறும் இம்மருந்தை உட்கொள்ள வேண்டும். திடீரென நின்றால் வாந்தி, கடும் சோர்வு, இரத்த அழுத்தக் குறைவு ஆகியன ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து விளையலாம்.

ஹார்மோன் சிகிச்சை: விரைகளோ சூலகங்களோ அகற்றப்பட்டவர்கள் ஹார்மோனை நிறுத்தினால் உடல் வெப்ப உணர்வு, மனநிலை மாற்றம், காலப்போக்கில் எலும்பு வலுவிழப்பு ஆகியன தோன்றக்கூடும்.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பு: சிறுநீர்ப் பாதை சுருங்குதல், தொற்று ஆகியவற்றுக்குத் தொடர் கண்காணிப்பு தேவை. ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற பாலின அறுவை சிகிச்சை செய்வதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2019-இல் தடை செய்தது. அதற்கு முன்னர்க் குழந்தைப் பருவத்தில் அறுவைக்கு உள்ளாகி இன்று பெரியவர்களாக இருப்போருக்கு நீண்டகாலக் கவனிப்பு வேண்டியிருக்கலாம்.

பயிற்சிக்கு அடிப்படையான ஆணைகள்

பெற்றோரின் எதிர்ப்பிலிருந்து பாதுகாப்புக் கோரி இரு இளம்பெண்கள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். இப்பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று கருதிய அவர், ஆணையிடும் முன் தாமே உளவியலாளர் ஒருவரிடம் ஆலோசனை அமர்வில் கலந்துகொண்டார். காவல் துறையினருக்கும் சிறைத் துறையினருக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும், பாலியல் வன்முறையைத் தவிர்க்கத் திருநர் சிறைவாசிகளை ஆண் சிறைவாசிகளிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும் என்றும் அவ்வாணை கூறியது.

ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2022 ஜனவரி 10 அன்று, சிறைகளில் திருநர் நலன் குறித்து அனைத்து மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. பாலின அடையாளம், பாலீர்ப்பு, மனித உரிமை, சட்டம் ஆகியவை பற்றிச் சிறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. சிறை மருத்துவ அலுவலர்களுக்கு அடிப்படை மனநல மருத்துவத்தில் பயிற்சி அளிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் விதிக்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்கும் கழகம் 1979 முதல் வேலூரில் இயங்கி வருகிறது.

பயிற்சி பெற்ற அலுவலர் எவ்வாறு நடந்துகொள்வார்?

சேர்க்கையின்போது: சிறைவாசி தம்மை எப்பாலினத்தவராகக் கூறுகிறாரோ அதனை மதிப்பார். எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார் என்று கேட்பார். "அவன்", "அது" என்று இழித்துரையார்.

உடற்சோதனையின்போது: 2022 அறிவுரையின்படி, திருநர் விரும்பும் பாலினத்தைச் சேர்ந்த பணியாளரோ பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோ சோதனை செய்ய வேண்டும். ஆடை களையவேண்டிய நிலையில் தனியறையிலோ மறைப்புக்குள்ளோ மட்டுமே சோதனை நடைபெற வேண்டும். ஒருவரின் உடலமைப்பை அறியும் ஆவலுக்காகச் சோதனை செய்தல் முறையன்று.

தங்கவைக்கும்போது: திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் தனித்தனி இடவசதியும், தனிமை காக்கும் கழிப்பறை, குளியலறை வசதியும் தேவை. எனினும், பாதுகாப்பு என்னும் பெயரில் அவர்களை முழுத் தனிமையில் அடைத்தலாகாது. நீண்ட தனிமை மனநலத்தைச் சிதைக்கும்.

மருத்துவச் செய்திகளில்: எச்.ஐ.வி. நிலை, அறுவை சிகிச்சை, பாலீர்ப்பு ஆகியவற்றைச் சிகிச்சைக்குத் தொடர்பில்லாத பிறரிடம் வெளியிடமாட்டார்.

முறையீட்டின்போது: "இவர்களுக்கு இது வழக்கம்" என்று தள்ளிவிடாது, வன்முறை பற்றிய முறையீட்டை எழுத்தில் பதிவு செய்து, உடனே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

குடும்பத்தினரும் பராமரிப்பாளரும் செய்யத்தக்கவை

இளையரசனேந்தல் போன்ற ஊர்களிலிருந்து பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு நேர்காணலுக்குச் செல்வோர் பலருக்கு அது ஒரு நாள் கூலியை இழக்கும் பயணம். எனவே, புறப்படும் முன் பின்வருவனவற்றை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்.

1. மருந்துச் சீட்டு, ஏ.ஆர்.டி. மைய அட்டை, அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றின் படிகளை எடுத்துச் செல்லுங்கள். மருந்தைச் சிறைவாசியிடம் நேரில் கொடுக்க முயலாமல், சிறை மருத்துவ அலுவலர் வாயிலாகவே சேர்ப்பியுங்கள்.
2. தடைப்படக்கூடாத மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கேளுங்கள்.
3. திருநர் அடையாளச் சான்று இருப்பின் அதன் படியை அளியுங்கள். இல்லையெனில், சான்று பெறச் சிறை நிர்வாகம் உதவ வேண்டும் என்று 2022 அறிவுரை கூறுகிறது; நல அலுவலரிடம் கேளுங்கள்.
4. துணைவர் என்ற காரணத்தால் நேர்காணல் மறுக்கப்பட்டால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். நேர்காணல் விதிகள் பால்புதுமையருக்கும் வேறுபாடின்றிப் பொருந்தும் என்று உள்துறை அமைச்சகம் 2024-இல் மாநிலங்களுக்குத் தெரிவித்துள்ளது.
5. பார்க்கும்போது குறை கூறுவதைத் தவிருங்கள். "சாப்பிட்டாயா? மாத்திரை கிடைக்கிறதா? தூக்கம் வருகிறதா?" என்று கேளுங்கள். வீடு தம்மைக் கைவிடவில்லை என்னும் உணர்வு அவருக்குப் பெருந்துணையாகும்.

உடனடிக் கவனம் தேவைப்படும் அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் எதனையேனும் கண்டால் அன்றே சிறை மருத்துவ அலுவலருக்கும் கண்காணிப்பாளருக்கும் தெரிவியுங்கள்:

• "இனி இருந்து பயனில்லை" என்பது போன்ற பேச்சு, உடலில் தாமே ஏற்படுத்திய காயம்
• தொடர் வாந்தி, மயக்கம், கடும் சோர்வு
• சிறுநீர் கழிக்க இயலாமை
• மருந்து கிடைக்கவில்லை என்ற செய்தி
• பாலியல் வன்முறைக்கு உள்ளானதற்கான குறிப்பு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்க வேண்டும். ஆகவே, தயங்கவோ காத்திருக்கவோ வேண்டா.

தீர்வு கிடைக்காவிடில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ மாநில மனித உரிமைகள் ஆணையத்தையோ அணுகலாம்.

உதவி எண்கள்

இலவசச் சட்ட உதவி: 15100
மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
எச்.ஐ.வி. தொடர்பான தகவல்: 1097
தமிழ்நாடு சுகாதார உதவி: 104

இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. மருந்தின் அளவை மாற்றுவதோ நிறுத்துவதோ மருத்துவரின் அறிவுரைப்படியே நடைபெற வேண்டும்.