பழைய பெட்டி – 6: ஒன்றுகளை எண்ணத் தெரியாத சிப்

மீன்சுருட்டிச் சித்தப்பாவின் டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி மாட்டியாயிற்று, விண்டோஸ் 10 ஓடுகிறது. போன இதழ் தவறியவர்களுக்கு இது போதும். இந்த வாரம் வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தேன். அது தள்ளிப்போகிறது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றதல்லவா? சித்தப்பா மகன் 11-ஐ ஏற்றிவிடுவதென்று உட்கார்ந்துவிட்டான். 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப். வீட்டில் இருப்பதோ கோர் 2 டுவோ. ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்துப் பென்டிரைவ் தயாரித்தால் அந்தக் கேள்விகளைத் தாண்டிவிடலாம். தாண்டினான். இரவே போன்.

"அண்ணே, டிபிஎம் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஆனா பூட் ஆக மாட்டேங்குது."

அவன் இறக்கியது விண்டோஸ் 11-இல் 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு. அதற்கு பாப்கவுன்ட் என்றொரு கட்டளை சிப்பிலேயே இருக்க வேண்டும். அது செய்யும் வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஓர் எண்ணை இருமத்தில் எழுதி, அதில் எத்தனை 1 என்று எண்ணிச் சொல்லும். 13 என்றால் 1101, விடை 3. அவ்வளவுதான்! ஆனால் செஸ் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது உயிர். பலகையில் 64 கட்டம், சிப்பில் 64 பிட். சிப்பாய் நிற்கும் கட்டமெல்லாம் 1 என்று குறித்துவிட்டால், எத்தனை சிப்பாய் மிச்சம் என்பது ஒரே கட்டளையில் தெரிந்துவிடும்.

என்னைத் தூங்கவிடாதது இதுதான்: 1951-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஃபெரான்டி மார்க் 1 கணினியிலேயே இந்தக் கட்டளை இருந்தது. வால்வுகளால் ஓடிய இயந்திரம் அது! 2006-இல் வெளிவந்த கோர் 2 டுவோவில் இல்லை. 2008 கடைசியில் முதல் ஐ7 வந்தபோதுதான் இன்டெல் சேர்த்தது.

டிபிஎம் என்பது வாசலில் கேட்கும் கேள்வி. பொய் சொல்லி உள்ளே போகலாம். பாப்கவுன்ட் அப்படியல்ல. தெரியாத கட்டளை வந்ததும் சிப் அதைச் செய்ய மறுத்துவிடும், விண்டோஸ் அங்கேயே நின்றுவிடும், குறுக்கு வழி கிடையாது. இதில் எனக்குக் கோபமும் இல்லை. ஜோராக ஓடும் ஏழாம் தலைமுறை ஐ5-களையும் சேர்த்துக் கழித்துக் கட்டுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் பெட்டியில் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். இன்டெல் சிப்பில் எஸ்எஸ்இ 4.2 என்று காட்டினால் பாப்கவுன்டும் உண்டு. இல்லையென்றால் 11-ஐ மறந்துவிட்டு, விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2026 அக்டோபர் 13 வரை ஓடும். தம்பி விண்டோஸ் 10-ஐத் திரும்பப் போட்டு அதைத்தான் செய்தான். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் படங்களைச் சித்தப்பா மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு லினக்ஸ்தான். 2011-இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கியது. தம்பிக்குக் கிடைத்த லேப்டாப்பில் அவன் அந்தப் பக்கமே போனதில்லையாம். போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். வானவிலுக்கு முன்னால் அதைப் பார்த்துவிடலாம் போலிருக்கிறது.