கையெழுத்து வைக்கும் முன்…

1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009இல் முகாமில் இருந்தபோது, ஆங்கிலப் படிவமொன்றில் என் அம்மா கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த நினைவோடுதான் நமுனுகுல மலையடித் தோட்டமொன்றில் விடுமுறைக்கால ஆங்கில வகுப்பை ஆரம்பித்தேன். கோயில் மண்டபத்தில் பத்து நாட்கள், இருபத்திரண்டு பிள்ளைகள்.

'ஏ போர் அப்பிள்' எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் உரப்பையில் உள்ள ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்தார்கள். ஆகவே, வீட்டில் ஆங்கிலம் எழுதிய எது இருந்தாலும் கொண்டுவரச் சொன்னேன். மருந்துப் பெட்டியும் சவர்க்கார உறையும் வந்தன. பதினைந்து வயதுப் பிள்ளையொருத்தி மடித்த தாள்களை நீட்டினாள்.

"மிஸ், அம்மா வெளிநாடு போகப்போறாங்க. இதுல கையெழுத்து வைக்கணுமாம்."

வீட்டுப் பணிப்பெண் வேலைக்கான ஒப்பந்தம் அது. அன்றைய பாடம் அதுவாகவே ஆனது. சம்பளம் எவ்வளவு? எந்த நாட்டுக் காசில்? எத்தனை வருடம்? ஓய்வு நாள் உண்டா? திரும்பி வரும் விமானச் சீட்டு யார் செலவு? ஒவ்வொரு கேள்விக்கும் உரிய ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் தாளில் தேடிக் கோடிட்டார்கள்.

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வந்தார். மகள் விரல் வைத்து வாசித்துத் தமிழில் சொன்னாள். தரகர் வாயால் சொன்ன சம்பளம் வேறு, தாளில் இருந்தது வேறு. ஓய்வு நாள் பற்றி ஒரு வரியும் இல்லை.

"இத்தன நாளா இத மடிச்சுத்தானே வச்சிருந்தேன்" என்றார் அம்மா.

அன்று அவர் கையெழுத்து வைக்கவில்லை. போவதா, விடுவதா என்பது அவருடைய முடிவு. ஆனால் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு.

சகோதரிகளே, கணவனை இழந்து, பிள்ளைகளுக்காக வெளிநாடு போக நினைப்பவர்கள் நம்மில் பலர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் புறப்படாதீர்கள். ஒப்பந்தத்தினதும் கடவுச்சீட்டினதும் பிரதிகளை வீட்டில் வையுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். அந்த ஒருவர் உங்கள் மகளாகவும் இருக்கலாம்.