பகைவருக்கும் ஒரு கோயில்

டோக்கியோவிலிருந்து யோகோசுகா ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கித்த-காமகுரா வந்துவிடும். சின்ன ஸ்டேஷன். இறங்கியதும் நெடிய ஊசியிலை மரங்கள், கல் படிகள், எங்ககுஜி கோயில். கோயில் நிலத்தை ஊடறுத்துத்தான் தண்டவாளமே ஓடுகிறது. குளம் ஒரு பக்கம், வாசல் மறுபக்கம்.

காமகுரா சாமுராய்களின் முதல் தலைநகர். 1192இல் ஷோகன் எனும் படைத்தலைவர் பட்டம் பெற்ற மினமோட்டோ நோ யோரிடோமோ, மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலும் காவல் நிற்கும் இந்த ஊரிலிருந்தே ஆண்டார். 1333இல் அந்த ஆட்சி கவிழ்ந்தது. கோட்டை கொத்தளம் தேடி வந்தால் ஏமாற்றம்தான். வாளேந்தியவர்கள் விட்டுப்போனவை கோயில்கள்.

அவற்றில் என்னை உலுக்கியது எங்ககுஜி. 1274இலும் 1281இலும் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் படைகள் கடல் தாண்டி வந்தன. எதிர்த்து நின்றவர், ஷோகன் பெயரால் ஆட்சி நடத்திய ஹோஜோ டோகிமுனே. மறு ஆண்டே இந்தக் கோயிலை எழுப்பினார், இரு தரப்பிலும் மாண்டவர்களுக்காக. முதல் குரு முகாகு சோகென் சீனர். மங்கோலியர் தன் தாய்நாட்டைச் சூறையாடியதைக் கண்டவர். அந்த மங்கோலியருக்காகவும் அவரே பிரார்த்தித்தார். எப்பேர்ப்பட்ட மனம்!

டோகிமுனேயின் மனைவி, கணவர் இறந்தபின் துறவியாகி 1285இல் அருகிலேயே டோகேஜி கோயிலை நிறுவினார். கொடுமை தாங்காமல் ஓடிவந்த பெண்கள் இங்கே சில ஆண்டுகள் தங்கினால் விவாகரத்து கிடைத்துவந்தது. நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த வழக்கம்.

அங்கிருந்து கோடோகுயின் கோயில். 121 டன் வெண்கலத்தில், 11 மீட்டருக்கு மேல் உயர்ந்து அமர்ந்திருக்கிறார் அமிதாப புத்தர். 1252இல் தொடங்கிய வார்ப்பு. தலைக்கு மேலிருந்த மண்டபம் என்றோ போய்விட்டது. கன்னத்தில் மட்டும் பழைய தங்க ரேக்கின் சுவடு.

அதே வளாகத்தில் ஒரு நினைவுக்கல், ஜே.ஆர். ஜயவர்தனாவுக்கு. 1951 சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், பகையால் பகை தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இலங்கை இழப்பீடு கேட்காது என்று அறிவித்தவர். ஜப்பானியர் அந்த நன்றியை மறக்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது இலங்கையின் ஜனாதிபதியும் அவர்தான்.

வாக்கைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். வெகுநேரம் அதன்முன் நின்றிருந்தேன். கும்பிட மட்டும் கை எழவில்லை.