டென்ஷனா? ஒரு கவசம் போட்டுக்கலாம்!

நாளைக்குக் காலையில மேத்ஸ் எக்ஸாம். இப்போ மணி ராத்திரி ரெண்டு. அஞ்சாவது யூனிட்டைத் தொடவே இல்லை. 'பயப்படாதே, பயப்படாதே'ன்னு உங்களுக்கு நீங்களே பத்து தடவை சொல்லிப் பாருங்க. பயம் போச்சா? போகாது, டபுள் ஆகும்! ஏன்னா, பயந்துபோன மனசுக்கு அட்வைஸ் ஏறாது. அதுக்கு ஏதாவது வேலை கொடுக்கணும். இதை நம்ம பாட்டிகள் என்னிக்கோ கண்டுபிடிச்சுட்டாங்க. பதிகம், கவசம், சகஸ்ரநாமம், நாமஜபம்னு அந்த வேலைக்குத்தான் எத்தனை பெயர்!

"அய்யோ, சாமி மேட்டரா?"ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். கோயில் பக்கம் அடிக்கடி போகாதவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

வலியில பிறந்த வரிகள்

இந்தப் பாடல்கள் எல்லாம் வசதியா சாய்ஞ்சு உட்கார்ந்து எழுதினதுன்னு நினைச்சா, ஸாரி! ஏழாம் நூற்றாண்டுல வாழ்ந்த திருநாவுக்கரசரை எடுத்துக்கோங்க. தாங்க முடியாத சூலை நோய், அதாவது வயித்து வலி. அக்கா திலகவதியாரைத் தேடி திருவதிகைக்கு வந்து, அங்கேதான் தன் முதல் பதிகத்தைப் பாடினார்னு பெரிய புராணம் சொல்லுது. அந்தப் பதிகத்தைப் படிச்சுப் பாருங்க. 'இந்த வலியை என்னால தாங்க முடியலை'ன்னு கடவுள்கிட்டயே நேரடியா கம்ப்ளெயின்ட் பண்றார்!

கேரளாவுல மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி. வாத நோயால அவஸ்தைப்பட்டவர், குருவாயூர் கோயில்ல உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு தசகம்னு நூறு நாள்ல நாராயணீயத்தைப் பாடினார்னு சொல்வாங்க. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள். 1586-ல் அதை முடிச்சப்போ அவருக்கு முப்பது வயசுகூட ஆகலை. கிட்டத்தட்ட நம்ம சீனியர் செட்டு!

அவங்களுக்கு முதல்ல வந்தது கஷ்டம், அப்புறம்தான் பாட்டு. அதனாலதான் நமக்குக் கஷ்டம் வரும்போது அந்த வார்த்தைகளைக் கடன் வாங்கிக்க முடியுது. சொந்தமா ஒரு வார்த்தைகூட வராத நேரத்துல, ஏற்கெனவே ஒருத்தர் அழுது முடிச்சு எழுதி வெச்ச வார்த்தைகள் கையில இருக்கறது சின்ன விஷயமா என்ன?

தலை முதல் கால் வரை

தமிழ்நாட்டுல காலையில டீக்கடை, பக்கத்து வீடு, டவுன் பஸ்னு எங்கே போனாலும் காதுல விழுற ஒண்ணு, கந்த சஷ்டி கவசம். 19-ம் நூற்றாண்டுல தேவராய சுவாமிகள் எழுதினது. அதை வீடு வீடாக் கொண்டுபோய்ச் சேர்த்தது சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமி, ராஜலட்சுமியோட குரல்.

அதுல ஒரு பகுதியைக் கவனிச்சிருக்கீங்களா? தலை, கண், காது, கழுத்து, மார்புன்னு உடம்போட ஒவ்வொரு இடத்தையும் வரிசையாச் சொல்லி, வேல் காக்கணும்னு கேட்டுக்கிட்டே கால் வரைக்கும் இறங்கி வருவார். சொல்றவங்களோட கவனமும் கூடவே இறங்கும். 1979-ல் அமெரிக்காவுல ஜான் கபாட்-ஜின் தொடங்கின மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில 'பாடி ஸ்கேன்'னு ஒண்ணு உண்டு. படுத்துக்கிட்டு, கவனத்தை உடம்போட ஒவ்வொரு பாகத்துக்கும் கொண்டுபோகணும். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. ஆனா எங்கேயோ ஓடுற மனசை உடம்புக்குத் திருப்பிக் கூட்டிட்டு வர்ற வழி ரெண்டுலயும் இருக்கு.

இன்னொண்ணு. கவசம் பயத்தை மூடி மறைக்காது. பேய், பாம்பு, தேள், நோய், எதிரின்னு எல்லாத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில நிறுத்தும். பெயர் வெச்சுட்டாலே பயம் பாதி சைஸுக்குச் சுருங்கிடுதே!

மூச்சுக் கணக்கு

இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் ஆச்சே, 'எப்படி வேலை செய்யுது?'ன்னு கேட்காம விட முடியுமா?

சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 12-லிருந்து 20 தடவை மூச்சு விடறோம். டென்ஷன்ல இன்னும் வேகம். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்தது. இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டி குழுவினர் 23 பேரை வெச்சுப் பார்த்தாங்க. லத்தீன்ல கத்தோலிக்க ஜெபமாலை சொன்னாலும் சரி, யோக மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவையாக் குறைஞ்சது. இதயத் துடிப்போட ஏற்ற இறக்கமும் அதே தாளத்துக்கு வந்தது. மூச்சை மெதுவா, நீளமா வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியா இதயத்துக்கு பிரேக் விழுது. ஒரு நீள வரியை ஒரே மூச்சுல சொல்லும்போது நடக்கறதும் இதுதான். மதம் எதுவானாலும் பிரேக் ஒண்ணுதான்!

ரெண்டாவது காரணம், நம்ம மூளையோட ரேம் ரொம்பச் சின்னது. 'ஃபெயில் ஆயிட்டா? வேலை கிடைக்கலைன்னா?'ன்னு உள்ளுக்குள்ள புலம்பறதுக்கும் வார்த்தைதான் வேணும், வாய்விட்டு ஸ்லோகம் சொல்றதுக்கும் வார்த்தைதான் வேணும். ரெண்டும் ஒரே இடத்துக்கு அடிச்சுக்கும்போது, புலம்பலுக்கு சீட் கிடைக்காது.

ஐ.சி.யூ. வாசல்ல...

ஹாஸ்டல்ல என் பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தன். 'சாமியாவது பூதமாவது'ன்னு பேசற டைப். போன வருஷம் அவங்க அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஐ.சி.யூ. வாசல்ல ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தான். பக்கத்துல அவன் அத்தை கவசத்தை முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்களாம். "எப்போ ஆரம்பிச்சேன்னே தெரியலைடா. சின்ன வயசுல கேட்டது, வாய் தானா கூடச் சொல்லிச்சு. அப்பாவைக் காப்பாத்தினது டாக்டருங்கதான். ஆனா அந்த ராத்திரியை நான் தாண்டினது அதைப் பிடிச்சுக்கிட்டுதான்" என்றான்.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடியா முடியறதில்லை. எங்க கிளாஸ் தோழியோட அம்மாவுக்கு கேன்சர். தினமும் அம்மாவும் பொண்ணுமா விஷ்ணு சகஸ்ரநாமம் சொன்னாங்க. அம்மா போயிட்டாங்க. ஒரு வருஷம் அந்தப் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை அவள். இப்போ மறுபடி சொல்றாள். "கேட்டது கிடைக்கலைன்னு கோபம் இருந்துச்சு. இப்போ எதையும் கேட்கறதில்லை. சொல்லும்போது அம்மா பக்கத்துல உட்கார்ந்து கூடச் சொல்ற மாதிரி இருக்கு. அது போதும்" என்கிறாள். இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

லஞ்சம் வேண்டாமே!

இங்கேதான் நாம கவனமா இருக்கணும். '108 தடவை சொல்றேன், அரியரை கிளியர் பண்ணிடு'ன்னு பேரம் பேசினா, ரிசல்ட் அன்னிக்கு ரெண்டு மடங்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். யூனிட் அஞ்சை நாமதான் படிக்கணும். நடுங்கற கையை நிறுத்தி, புத்தகத்தைத் திறக்க வைக்கறதுதான் ஸ்லோகத்தோட வேலை.

அதே மாதிரி, வாரக்கணக்குல தூக்கம் இல்லை, எதுலயும் பிடிப்பு இல்லை, வாழவே பிடிக்கலைன்னு தோணுதுன்னா, ஸ்லோகத்தோட நிறுத்திக்காதீங்க. உடனே பேசுங்க. மத்திய அரசோட டெலி-மனஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழ்லயே பேசலாம். பிரார்த்தனையும் டாக்டரும் எதிரிக் கட்சிகள் இல்லை.

முயற்சி பண்ணிப் பார்க்கணுமா? முழுசா மனப்பாடம் பண்ண வேண்டாம், நாலு வரி போதும். அர்த்தம் தெரிஞ்சுக்கோங்க. வாய்விட்டு, அவசரப்படாம சொல்லுங்க. முக்கியமா, நல்லா இருக்கற நாள்லயே பழகிக்கோங்க. நீச்சலை வெள்ளம் வந்த அன்னிக்கா கத்துக்க முடியும்?

பக்தி இல்லைன்னாலும் பரவாயில்லை. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாட்டிகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "கஷ்டம் வந்தப்போ நீங்க எதைச் சொல்வீங்க பாட்டி?" அந்தப் பதில்ல உங்க குடும்பத்தோட பாதிக் கதை இருக்கும். கேட்டுட்டு வந்து எங்களுக்கும் எழுதுங்களேன்!